கொடையல்ல, திரும்பி வரும் உடைமை

2025 ஜூன் 30ஆந் திகதி, அமெரிக்க மகளிர் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டச் சங்கம் மூன்று நகரங்களுக்குப் புதிய அணிகளை அறிவித்தது. கிளீவ்லாண்ட் 2028இலும், டெட்ரொய்ட் 2029இலும், பிலடெல்பியா 2030இலும் களமிறங்கும். இதனை டெட்ரொய்ட்டுக்குக் கிடைத்த கொடையென்று கொண்டாடுவோருடன் என்னால் உடன்பட முடியவில்லை.

அந்நகரில் 1998 முதல் 'ஷொக்' என்ற மகளிர் அணி இருந்தது. 2003 இறுதியாட்டத்துக்கு 22,076 பேர் திரண்டனர். அவ்வாண்டும், 2006, 2008ஆம் ஆண்டுகளிலும் அது கிண்ணம் வென்றது. மூன்றாவது கிண்ணத்துக்கு மறு ஆண்டே துல்சா நகருக்கு விற்கப்பட்டது. 2016இல் அங்கிருந்தும் பெயர்ந்து டலஸுக்குப் போயிற்று.

மோட்டார்த் தொழில் நொடிந்திருந்த காலம். நட்டத்தை யார் தாங்குவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆயினும் அதே காலத்தில் ஆண்களின் 'பிஸ்டன்ஸ்' அணி டெட்ரொய்ட்டை விட்டுப் போகவில்லை. 2011இல் கைமாறியபோதும் அங்கேயே நின்றது. சிக்கனம் என்றதும் முதலில் வெட்டப்பட்டது பெண்களின் ஆட்டமே.

இன்று அதே நகருக்கு ஓர் அணியைப் பெற நுழைவுக் கட்டணம் 250 மில்லியன் டொலர் எனச் செய்திகள் கூறின. அந்தப் பெறுமதியை உண்டாக்கியவர்கள் குறைந்த சம்பளத்துக்கு ஆடிய பெண்களே. எனவே டெட்ரொய்ட் மக்கள் நன்றி சொல்லத் தேவையில்லை. அடுத்த நட்டக் கணக்கு வரும்போது அணி விற்கப்படாது என்ற உறுதியை எழுத்தில் கேட்கட்டும்.