காது கேளாதோர் கற்பித்த பாடம்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள காலடெட் பல்கலைக் கழகம் காது கேளாதோருக்கென்றே ஏற்பட்டது. 1864-ல் ஜனாதிபதி லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தினால் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. ஆயினும் 124 ஆண்டுகள் வரை காது கேளாத ஒருவர்கூட அதன் தலைவராக அமர்ந்ததில்லை. அந்த நிலை ஒரே வாரத்தில் மாறிய வரலாற்றை, 2025-ல் வெளியான "டெஃப் பிரசிடென்ட் நவ்!" என்ற ஆவணப்படம் கூறுகிறது. "காது கேளாத தலைவர் இப்போதே வேண்டும்" என்பது இதன் பொருள். இதை இயக்கிய இருவரில் ஒருவரான நைல் டிமார்கோ, அங்கேயே பயின்ற காது கேளாதவர்.

1988 மார்ச் 6-ம் தேதி, இறுதிச் சுற்றில் இருந்த மூவரில் இருவர் காது கேளாதவர்கள். நிர்வாகக் குழுவோ மூன்றாமவரான எலிசபெத் ஜின்சரைத் தேர்ந்தெடுத்தது. அவருக்குக் காது கேட்கும். சைகை மொழிதான் தெரியாது. மாணவர்கள் கொதித்தெழுந்தனர். வாயில்களில் பஸ்களை நிறுத்தி வழியை மறித்தனர். காது கேளாத தலைவர், குழுத் தலைவியின் ராஜினாமா, குழுவில் காது கேளாதோருக்குப் பெரும்பான்மை, போராடியவர்கள் மீது பழிவாங்கல் கூடாது என்ற நான்கு கோரிக்கைகளை வைத்தனர். பாராளுமன்றக் கட்டடம் நோக்கி ஊர்வலம் சென்றனர். ஜின்சர் விலகினார். மார்ச் 13-ல் கிங் ஜோர்டன் முதல் காது கேளாத தலைவரானார். நான்கு கோரிக்கைகளும் நிறைவேறின.

நிர்வாகக் குழுவினர் கொடியவர்கள் அல்லர். "இவர்களுக்கு நன்மை செய்கிறோம்" என்றே நம்பினார்கள். அங்கேதான் தவறு. கருணை வேறு, உரிமை வேறு. தமக்கு எது நல்லது என்று சொல்லும் அதிகாரத்தைத்தான் அந்த மாணவர்கள் கேட்டார்கள்.

நம் நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி செவித்திறன் குறைந்தோர் சுமார் 50 லட்சம் பேர். மாற்றுத் திறனாளிகளுக்கு அரசு வேலைகளில் 4 சதவீத இடங்களை 2016-ம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியது. அதில் 1 சதவீதம் செவித்திறன் குறைந்தோருக்கு. சட்டம் நாற்காலியைத் தரலாம். பக்கத்து நாற்காலிக்காரர் பேச்சுக் கொடுக்காவிட்டால் என்ன பயன்? வேலை கிடைத்தவருக்கும் கூட்டத்தில் நடப்பதை விளக்க ஆளில்லை என்றால், பதவி உயர்வு எட்டாக்கனியே. ஆஸ்பத்திரியிலும் போலீஸ் நிலையத்திலும் சைகை மொழி தெரிந்தவர் இல்லையென்றால், வலியைச் சொல்லவோ புகார் கொடுக்கவோ அவர் யாரிடம் போவார்?

பிழைப்புக்காக மொழி தெரியாத ஊரில் வந்து இறங்கிய முதல் நாளை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். சுற்றிலும் பேச்சு, நமக்கு ஒன்றும் புரியவில்லை. அறிவில்லாததால் அல்ல, மொழி இல்லாததால் நாம் ஊமையாக நின்றோம். நாளடைவில் அந்த ஊர்ப் பேச்சு நமக்கு வசப்பட்டது. காது கேளாதவருக்கு அந்த வழியும் இல்லை. ஆகவே நாம்தான் அவர் மொழிக்குச் சற்று இறங்கி வரவேண்டும்.

உடன் வேலை செய்பவர் ஒருவர் காது கேளாதவராக இருந்தால், நாலைந்து சைகைகளையாவது கற்றுக்கொள்வோம். மற்றதை எழுதிக் காட்டுவோம். அவருக்காக முடிவெடுக்கும் முன் அவரையே கேட்போம். இதற்குப் பணம் வேண்டாம், பொறுமை போதும்.