திருட்டு முழி யாருக்கு?

'திருட்டு முழி முழிக்கிறான் பாரு.' நம் பிள்ளைகள் இதைக் கேட்காமல் ஐந்தாம் வகுப்பைத் தாண்டுவதில்லை. ஒரு கண்ணைப் பார்த்ததும் குழந்தை என்றோ கள்ளன் என்றோ முடிவுகட்ட எங்கே கற்றுக்கொள்கிறோம், தோழர்களே? கார்ட்டூனும் அதற்கு ஒரு பள்ளிக்கூடம்.

கண் வரைவதற்கு இலக்கணம் உண்டு. பெரிய கண்ணும் அகன்ற நெற்றியும் பராமரிக்கும் உணர்வைத் தூண்டுகின்றன என்று 1943இல் எழுதினார் கொன்ராட் லோரன்ஸ். (அவர் நாஜிக் கட்சி உறுப்பினராக இருந்தவர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.) 1979இல் ஸ்டீபன் ஜே கூல்ட் மிக்கி மவுஸை அளந்து பார்த்தார். ஐம்பது ஆண்டுகளில் அந்த எலியின் தலையும் கண்ணும் பெரிதாகிக்கொண்டே வந்திருந்தன; வயது ஏற ஏற முகம் குழந்தையாகியிருந்தது. கண்ணைப் பெரிதாக்கி முகத்தில் கீழிறக்கினால் குட்டி. சிறிதாக்கி மேலேற்றினால் வளர்ந்த மிருகம். இமை கருவிழியைப் பாதி மறைத்தால் சூது. 'தி லயன் கிங்' (1994) படத்தில் குட்டி சிம்பாவுக்கு அகன்ற கண். ஸ்காருக்கு ஒடுங்கிய பச்சைக் கண், கூடவே கறுத்த பிடரி. கறுப்பையும் சூதையும் ஒரே முகத்தில் கட்டிக் கொடுத்ததைத்தான் நாங்கள் கேள்வி கேட்கிறோம்.

இந்த இலக்கணம் இயற்கை விதி அல்ல. மதுரை வீரன் சிலையைப் பாருங்கள். கண் பெரிதுதான், ஆனால் யாரும் குழந்தை என்று கொஞ்சுவதில்லை. கருவிழியைச் சுற்றி வெள்ளை தெரிய, இமை தொடாமல் எழுதுகிறார்கள்; மேலே ஏறிய புருவம், கீழே முறுக்கிய மீசை. நம் ஊரில் பெரிய கண் என்றால் அஞ்சாத கண்.

கம்பம் பள்ளத்தாக்கில் அம்மாக்கள் விடியுமுன்னே ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறிவிடுகிறார்கள். தம்பியைக் குளிப்பாட்டிச் சோறூட்டிவிட்டு வகுப்புக்கு வரும் பத்து வயதுப் பிள்ளையின் இமை பாதி இறங்கித்தான் இருக்கும். அது தூக்கம். காலனிப் பிள்ளை என்றால் அதற்குப் பெயர் திமிர். ஊர்த்தெருப் பிள்ளை என்றால், 'பாவம், அசந்துபோச்சு.' நிமிர்ந்து பார்த்தால் முறைப்பு, பயந்து விழித்தால் திருட்டு முழி. குழந்தையாக இருக்கும் சலுகையே நம் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பறிபோகிறது.

கார்ட்டூன் பார்க்காதே என்று சொல்லும் ஆட்கள் இல்லை நாங்கள். மாலை வகுப்பில் ஒரே சிங்க முகத்தை ஐந்து தாளில் கொடுத்து, கண்ணை மட்டும் மாற்றி வரையச் சொல்கிறோம். கறுப்புச் சிங்கத்துக்கு அரைக்கண் வைத்த ஒரு பிள்ளை, 'இது வில்லன் இல்லக்கா, நைட்டெல்லாம் தூங்கல' என்றாள். ஆசிரியர் பயிற்சி படிக்கும் தோழர்கள் இந்தப் பயிற்சியை உங்கள் வகுப்பில் முதலில் ஆசிரியர்களிடம் கொடுத்துப் பாருங்கள்.