வேடம் வேறு, ஆள் வேறு!

"சலிப்பூட்டுகிற ஆசாமி" என்று ஒரு நடிகரைப் பற்றிப் பத்திரிகை எழுதியது. நடிகர் கோர்ட்டுக்குப் போனார். வழக்கில் வெற்றி பெற்றார். வெற்றி பெற்ற பின், கையில் இருந்ததையும் இழந்தார்!

இது கட்டுக்கதை அல்ல. இங்கிலாந்தில் நடந்தது. அந்த நடிகரின் பெயர் வில்லியம் ரோச்.

அவர் சினிமா நட்சத்திரம் அல்ல. டெலிவிஷன் நாடக நடிகர். ஒரே நாடகத்தில், ஒரே வேடத்தில், 60 ஆண்டுகளுக்கு மேல் நடித்தவர். வேடம் அவருக்குச் சோறு போட்டது. பெயரும் புகழும் கொடுத்தது. அதே வேடம்தான் அவரைக் கோர்ட்டுப் படியிலும் ஏற்றியது.

ஒரு தெருவின் கதை

இங்கிலாந்தின் வடக்கே மான்செஸ்டர் என்ற தொழில் நகரம் இருக்கிறது. அங்கே தயாரான தொடர் நாடகம் "காரனேஷன் தெரு".

தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒரு தெரு. ஒன்றோடு ஒன்று ஒட்டிய செங்கல் வீடுகள். மூலையில் ஒரு மளிகைக் கடை. மறு மூலையில் ஒரு மதுக்கடை. அங்கே வாழ்கிறவர்களின் காதல், கல்யாணம், சண்டை, சாவு, இவைதான் கதை.

1960-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி அந்த நாடகம் தொடங்கியது. சில வாரம் நடக்கும் என்று எண்ணினார்கள். 60 ஆண்டு தாண்டியும் நடந்தது!

முதல் நாளே ரோச் அதில் தோன்றினார். அப்போது அவருக்கு வயது 28. கென் பார்லோ என்ற கல்லூரி மாணவன் வேடம்.

கென் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. படிப்பு அவனை மாற்றிவிட்டது. சாப்பாட்டு மேஜையில் சாஸ் பாட்டில் இருப்பதைக் கண்டாலே அவனுக்கு வெட்கம். ஒரு நாள் வீட்டுக்குள்ளேயே சைக்கிளைப் போட்டு ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து அவனுடைய காதலி வந்து நிற்கிறாள்! கென் கூனிக் குறுகிப் போகிறான்.

படித்த பிள்ளைக்கும் பெற்றவர்களுக்கும் நடுவே விழுகிற இந்தப் பள்ளம் எந்த வீட்டாருக்கும் புரியும். அதனால்தான் கென் ஜனங்களின் மனதில் இடம் பிடித்தான்.

எலியும் பூனையும்

வேடத்துக்கும் ஆளுக்கும் எவ்வளவு தூரம் தெரியுமா?

ரோச் ராணுவத்தில் கேப்டனாக இருந்தவர். அரேபியப் பாலைவனத்தில் பணி செய்தவர். கென்னோ போரை வெறுப்பவன். 1967-ம் ஆண்டு நாடகத்தில், வியட்நாம் போரை எதிர்த்து அவன் ஊர்வலம் போகிறான். ஏழு நாள் ஜெயிலுக்கும் போகிறான்.

கென் இடதுசாரிக் கொள்கை பேசுகிறவன். ரோச் கன்சர்வேடிவ் கட்சியை ஆதரித்தவர். இருவரும் நேரில் சந்தித்தால் எலியும் பூனையுமாகத்தான் இருப்பார்கள்!

ஆனால், ஜனங்கள் கண்ணுக்கு இருவரும் ஒருவரே.

1983-ம் ஆண்டு நாடகத்தில் ஒரு பெரிய சிக்கல். கென்னின் மனைவி டியர்ட்ரியின் மனம், மைக் பால்ட்வின் என்ற தொழில் முதலாளியிடம் போய்விடுகிறது. அவள் கணவனோடு இருப்பாளா, போய்விடுவாளா? நாடே கவலைப்பட்டது. முடிவில் அவள் கணவனோடு சேர்ந்துகொண்டாள். அன்று மான்செஸ்டரில் கால்பந்து ஆட்டம். மைதானத்தின் அறிவிப்புப் பலகையில் இந்தச் செய்தியைப் போட்டார்கள்! நாடகத்துக் குடும்பம் நாட்டுக் குடும்பமாகிவிட்டது.

வழக்கு வந்தது

கென் நல்லவன். ஆனால் கொஞ்சம் உபதேசம் செய்வான். பள்ளி ஆசிரியராக இருந்தான். பத்திரிகை ஆசிரியராக இருந்தான். எப்போதும் புத்தகமும் நியாயமும் பேசுவான். அதனால் "சலிப்பூட்டுகிறவன்" என்ற பெயர் அவனுக்கு வந்தது.

1990-ம் ஆண்டில் "சன்" என்ற பத்திரிகை ஒரு படி மேலே போயிற்று. கென்னைப் போலவே ரோச்சும் சலிப்பூட்டுகிறவர், உடன் நடிப்பவர்களுக்கே அவரைப் பிடிக்காது என்று எழுதியது.

கென்னைத் திட்டியவரை ரோச் பொறுத்துக்கொண்டார். தம்மைத் திட்டியதும் பொறுக்கவில்லை. மான நஷ்ட வழக்குப் போட்டார்.

வழக்கை முடித்துக்கொள்ள 50 ஆயிரம் பவுன் தர, பத்திரிகை முன்வந்தது. ரோச் ஏற்கவில்லை. 1991-ல் விசாரணை நடந்தது. அவர் பக்கமே நியாயம் என்று ஜூரிகள் சொன்னார்கள். நஷ்ட ஈடு எவ்வளவு? அதே 50 ஆயிரம் பவுன்!

இங்கேதான் சட்டம் குறுக்கே வந்தது. கொடுக்க முன்வந்த தொகைக்கு மேல் ஒரு காசாவது கிடைத்திருக்க வேண்டும். கிடைக்காவிட்டால், அதன் பிறகு ஆன வழக்குச் செலவு வாதியின் தலையில் விழும். வென்றவர் யார் என்ற கேள்வி அப்பீல் கோர்ட்டு வரை போயிற்று. செலவு விஷயத்தில் ரோச் தோற்றார்.

தம்முடைய வக்கீல்கள் சரியாக வழி சொல்லவில்லை என்று அவர்கள் மீது வழக்குப் போட்டார். அதிலும் தோல்வி. 1999-ல் அவர் திவாலானார்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

யார் மீது தவறு?

"50 ஆயிரத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாமே" என்று சொல்வது சுலபம். பணக் கணக்கில் அது சரிதான். ஆனால், மானம் போயிற்று என்று துடிக்கிற மனிதன் கணக்குப் பார்ப்பதில்லை. நாலு பேர் அறிய நியாயம் கிடைக்க வேண்டும் என்று நினைப்பான். அந்த நினைப்புக்கு ரோச் கொடுத்த விலை மிக அதிகம்.

பத்திரிகை செய்தது தவறு. வேடத்தின் குறையை ஆளின் மீது ஏற்றியது. திரையில் திருடனாக வருகிறவன் வீட்டில் திருடுவதில்லை. திரையில் சலிப்பூட்டுகிறவனும் அப்படியே.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். "கென் சலிப்பூட்டுகிறான்" என்பது வசையா, பாராட்டா? அந்தத் தெருவில் ஓடிப்போகிறவர்கள் உண்டு. ஏமாற்றுகிறவர்கள் உண்டு. எல்லாரும் அப்படியே இருந்தால் தெரு நிற்குமா? நிதானமாக ஒருவன் இருந்தால்தான் மற்றவர்களின் ஆட்டம் தெரியும். அச்சாணி சத்தம் போடுவதில்லை. சத்தம் போடவில்லை என்பதற்காக அது வேண்டாம் என்று யாராவது கழற்றி எறிவார்களா?

சாதாரண மனிதனாக நடிப்பதுதான் கஷ்டம். ரோச் அதை அத்தனை ஆண்டு செய்தார். ஜனங்கள் அவரையே கென் என்று நம்பினார்கள் என்றால், அது அவருடைய திறமைக்கு அத்தாட்சி.

அதை அவரும் உணர்ந்திருக்க வேண்டும். "நான் கென் அல்ல" என்று கோர்ட்டில் போராடியவர், 1993-ல் தம் வாழ்க்கையை எழுதினார். அந்தப் புத்தகத்துக்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? "கென்னும் நானும்"!

கண்ணீர் யாருடையது?

டியர்ட்ரியாக நடித்தவர் ஆன் கிர்க்பிரைட் என்ற நடிகை. 1972 முதல் அந்த நாடகத்தில் இருந்தவர். 2015-ம் ஆண்டு ஜனவரியில் அவர் காலமானார். சில மாதம் கழித்து, நாடகத்தில் டியர்ட்ரியும் இறந்ததாகக் காட்டினார்கள்.

மனைவியை இழந்த கென்னாக ரோச் நடிக்க வேண்டியதாயிற்று. அவருக்கு அப்போது வயது 83. சொந்த மனைவியை அவர் 2009-ல் பறிகொடுத்திருந்தார். இப்போது பல்லாண்டுக் கூட்டாளியும் போய்விட்டார். அன்று அவர் காட்டிய துக்கத்தில் கென்னின் துக்கம் எவ்வளவு, ரோச்சின் துக்கம் எவ்வளவு? யார் பிரித்துச் சொல்ல முடியும்?

திவாலான பிறகும் ரோச் அந்த வேடத்தைக் கோபித்துக்கொண்டு உதறவில்லை. மறுபடியும் அதையே போட்டுக்கொண்டு உழைத்தார். உலகத்திலேயே அதிக காலம் தொடர் நாடகத்தில் நடித்தவர் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றார். 90 வயதிலும் நடித்தார்.

நடிகரைத் தெருவில் கண்டால் வேடத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். அது அன்பு. வேடத்தின் குற்றத்தை அவர் தலையில் கட்டக் கூடாது. அது அநியாயம். அவருக்கும் வீடு உண்டு, மனைவி மக்கள் உண்டு, மானம் உண்டு.