அளந்த பிறகு விலை பேசினால் என்ன குத்தம்?

மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு பக்கம் பழைய ஃபிளாட் வாங்கப் போனவங்க எல்லாருமே ஒரு தடவையாவது இந்த வசனத்தைக் கேட்டிருப்பீங்க. "பேசினது பேசினதுதான் சார். அட்வான்ஸ் குடுத்தப்புறம் விலையைக் குறைன்னு கேட்டா நல்லாவா இருக்கு?" இதைச் சொல்றது பெரும்பாலும் வீட்டுக்காரர் இல்லை, ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்கப் போற புரோக்கர். அவருக்கு ஹரிச்சந்திரன் மேல திடீர்னு பாசம் வந்துடும் :-)

இந்த "வாக்கு மாறக்கூடாது" தர்மம் ஏன் வாங்கறவனுக்கு மட்டும் பொருந்துது என்பதுதான் என் கேள்வி.

சமீபத்துல என் மச்சினன் (தங்கமணியோட தம்பி) மந்தைவெளியில ஒரு ரெண்டு பெட்ரூம் ஃபிளாட் பேசினான். கட்டி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. பேச்சு: 1,050 சதுர அடி, யு.டி.எஸ். 520, விலை 1 கோடியே 20 லட்சம். அட்வான்ஸ் குடுத்துட்டு, ஒரு சிவில் இன்ஜினியரைக் கூட்டிட்டுப் போனான். அவர் டேப் போட்டு அளந்தா உள்ளே நடக்க இருக்கிற இடம் 780. சரி, அது சூப்பர் பில்ட்-அப் கணக்கு, ஊர் வழக்கம், விடுங்க. ஆனா பத்திரத்தை எடுத்துப் பார்த்தா யு.டி.எஸ். 465! பால்கனி ஸ்லாபையும் பாத்ரூம் சீலிங்கையும் சின்னச் சுத்தியலால தட்டினா பொக்குனு சத்தம். பூச்சு பெயர்ந்த ஒரு இடத்துல கம்பி துருப்பிடிச்சு உப்பியிருந்தது.

ஒன்பது லட்சம் குறைக்கச் சொல்லிக் கேட்டான். அவ்வளவுதான். புரோக்கர் விடுங்க, எங்க வீட்டுப் பெரியவங்களே "என்னடா இது சின்னத்தனமா" என்று ஆரம்பிச்சுட்டாங்க. "மாமா, நான் கேட்டது தப்பா?" என்று என்கிட்ட வந்து நின்னான். தப்பே இல்லை, கேட்காம இருந்தாதான் தப்புன்னு சொன்னேன். கடைசியில ஆறு லட்சம் குறைஞ்சது. ஆனா "பார்ட்டி ஒரு மாதிரி" என்ற பெயர் அவனுக்கு நிலைச்சுப் போச்சு. அந்தப் பெயருக்காகத்தான் இந்தப் பதிவு.

யு.டி.எஸ்.-ஐ எடுத்துக்குங்க. பிரிக்கப்படாத நிலப் பங்கு. பழைய ஃபிளாட்டில் நீங்க உண்மையில காசு குடுக்கறது அதுக்குத்தான். கட்டடம் வருஷா வருஷம் தேயுது, நிலம் தேயாது. நாளைக்கு இடிச்சுக் கட்டும்போது உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பது அந்த எண்ணை வெச்சுத்தான். மூணில் ரெண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கிட்டா இடிச்சுக் கட்டலாம்னு தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் (2022-ல் போட்டு 2024-ல் அமலுக்கு வந்தது) சொல்லுது. அதனால இது ஏட்டுக் கணக்கு இல்லை. 55 சதுர அடி குறையுதுன்னா, நிலம் சதுர அடி 15,000-ன்னு வெச்சாலும் 8 லட்சத்து 25 ஆயிரம். கம்பி துரு கணக்கையே இன்னும் சேர்க்கலை! கறிகாய்க் கடையில 50 கிராம் குறைஞ்சா தராசை மறுபடி வைக்கச் சொல்ற மாமி, இங்கே மட்டும் "பெருந்தன்மை" பேசறது எந்த ஊர் நியாயம்?

அப்புறம் அந்தக் கம்பி. சாந்தோம், பெசன்ட் நகர், திருவான்மியூர்க்காரங்களுக்கு இதை விளக்கவே வேணாம், உப்புக் காத்து தெரியும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுக்கும், உள்ளேயிருந்து கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். மேலே சிமென்ட் பூசி, பெயின்ட் அடிச்சா ரெண்டு மழைக்குத் தாங்கும். விக்கறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வெள்ளையடிக்கிறது எதுக்குன்னு நினைக்கிறீங்க? ஒழுங்கா சரி பண்ணணும்னா தளர்ந்த கான்கிரீட்டை உடைச்சு, கம்பியைச் சுரண்டி, தேய்ஞ்சு போன இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, மறுபடி கட்டணும். இதுல இன்னொரு கூத்து: ஸ்லாப் பொதுச் சொத்து. அசோசியேஷன் ஒத்துக்கணும், மேல் வீட்டுக்காரர் ஒத்துக்கணும்.

"அதெல்லாம் பார்த்துட்டுதானே வாங்கணும், சட்டம் என்ன சொல்லுது தெரியுமா?" என்று ஒரு வக்கீல் நண்பர் மடக்கினார். தெரியும். 1882-ஆம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவு. விக்கறவருக்குத் தெரிஞ்சு, வாங்கறவர் சாதாரண கவனத்தோட பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத குறையை அவர் சொல்லியே ஆகணும். அப்போ சாதாரணமா பார்த்தா தெரியற குறை? அது உங்க பாடு. சரி, பார்க்க வேண்டியது என் பொறுப்புன்னு சட்டமே சொல்லும்போது, பார்த்ததை வெச்சு விலை பேசறது மட்டும் எப்படி அநாகரிகமாகும்? பார், ஆனா பார்த்ததைப் பத்திப் பேசாதேன்னா அதுக்குப் பேர் என்ன?

புது ஃபிளாட்டில் அரசாங்கமே இதை எழுதி வெச்சிருக்கு. மகாராஷ்டிராவின் ரெரா மாதிரி ஒப்பந்தத்துல கார்பெட் ஏரியா மூணு சதவீதம் வரைதான் ஏற இறங்கலாம். கடைசியா அளந்து பார்த்துக் குறைஞ்சா பில்டர் கூடுதல் பணத்தை 45 நாளில் வட்டியோட திருப்பணும். கூடினா வாங்கினவர் தரணும். அளந்த பிறகு விலை மாறும்னு முதல் நாளே ரெண்டு பேரும் கையெழுத்துப் போடறாங்க. யாரும் யாரையும் சின்னத்தனம்னு சொல்றதில்லை. பழைய ஃபிளாட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, அதனால நாமதான் வாயைத் திறந்து கேட்கணும்.

"பேங்க்லதான் வேல்யூவர் வந்து பார்க்கறாரே?" அவர் பேங்குக்காகப் பார்க்கறார் சாமி, உங்களுக்காக இல்லை. கடன் திரும்ப வருமா என்பதுதான் அவர் கவலை. ஆனா அவர் போடற எண் உங்களை நேராகக் கடிக்கும். 75 லட்சத்துக்கு மேல போற வீட்டுக்கடனுக்கு ரிசர்வ் பேங்க் வரம்பு மதிப்பில் 75 சதவீதம். 1.20 கோடிக்கு 90 லட்சம் வரும்னு நம்பியிருப்பீங்க. அவர் 1.05 கோடின்னு எழுதினா வரக்கூடியது 78 லட்சத்து 75 ஆயிரம். மீதி 11 லட்சத்து 25 ஆயிரத்தை வாக்குத் தவறாத உத்தமர் எங்கே போய்ப் புரட்டுவார்? தங்கமணி கழுத்தைப் பார்ப்பார்.

இன்னொரு டிரிக்கும் இருக்கு. "பத்திரத்துல குறைக்க வேணாம் சார், ரொக்கத்துல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்." சிரிச்சுக்கிட்டே எழுந்து வந்துடுங்க. 2015 ஜூனிலிருந்து, வீடு விக்கறவர் 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா வருமான வரிக்காரங்க அதே அளவு அபராதம் போடலாம். தவிர, ரொக்கத்துல குறைச்சதுக்கு எந்த சாட்சியும் இருக்காது.

நிற்க. வாங்கறவங்க எல்லாரும் யோக்கியம்னு நான் சொல்ல வரலை. நாள் பார்த்து, பத்திரம் டைப் அடிச்சு, விக்கறவங்க வேற இடத்துக்கு அட்வான்ஸ் குடுத்து மாட்டிக்கிட்ட பிறகு, ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முந்தின நாள் போன் போட்டு "அஞ்சு லட்சம் குறைச்சாத்தான் வருவேன்" என்கிற ஆசாமிகளும் இருக்காங்க. இங்கிலாந்துல இதுக்குத் தனிப் பெயரே இருக்கு, கஸண்டரிங்னு. அது பேரம் இல்லை, கழுத்தில் துண்டு போட்டு முறுக்கறது. அதே மாதிரி லிஃப்ட் இல்லை, சமையல்கட்டு இருட்டு, டைல்ஸ் பழசுன்னு முதல் நாளே கண்ணால பார்த்ததை இன்ஜினியர் ரிப்போர்ட்டுல எழுத வெச்சுக் குறைக்கச் சொல்றதும் அல்பத்தனம். அதெல்லாம் 1.20-க்குள்ளயே அடங்கிப்போச்சு.

சொன்ன எண் தப்பா இருந்தா முழு வித்தியாசத்தையும் கேளுங்க, கூச்சமே வேணாம். ரெண்டு பேருக்குமே தெரியாத மறைஞ்ச குறைன்னா செலவைப் பாதிப் பாதி பேசுங்க. அதையும் அட்வான்ஸ் குடுத்த ரெண்டு வாரத்துக்குள்ள, எழுத்தில், ரிப்போர்ட் நகலோட கேளுங்க. விக்கற மாமி பிள்ளைகிட்டப் போறதுக்கு டிக்கெட் போட்ட பிறகு இல்லை.

ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பரிலிருந்து வழக்கத்தையே திருப்பிப் போட்டுட்டாங்க. பொதுவா வீட்டை விளம்பரம் பண்றதுக்கு முன்னாடியே விக்கறவர் சர்வே ரிப்போர்ட் எடுத்து வெச்சிருக்கணும். குறையைப் பார்த்துட்டுத்தான் எல்லாரும் விலையே சொல்றாங்க. நம்ம ஊர்ல அது வர்றதுக்குள்ள என் பேரன் ரிடையர் ஆயிடுவான்.

அதுவரைக்கும், டோக்கன் குடுக்கும்போதே ஒப்பந்தத்துல நாலு வரி சேர்க்கச் சொல்லுங்க: யு.டி.எஸ். பத்திரத்தில் குறைஞ்சா சதுர அடிக்கு இவ்வளவுன்னு கழியும். வில்லங்கமோ, கட்டட பலத்தில் குறையோ தெரிஞ்சு விலை ஒத்துவரலைன்னா அட்வான்ஸ் இத்தனை நாளில் முழுசா திரும்பும். புரோக்கர் "அதெல்லாம் வழக்கமில்லை சார்" என்பார். உங்க கமிஷனை மட்டும் எழுதி வாங்கிக்கறீங்களே, அது வழக்கமான்னு கேளுங்க.

டிஸ்கி: புரோக்கர் நண்பர்கள் கும்ம வரலாம். டேப்போட வாங்க.