மடியில் ரியாலா, கையில் அட்டையா?



யமன் நாட்டார் சிலர், இறைவனையே சார்ந்தோம் எனக் கூறிக்கொண்டு, கட்டுச்சோறு ஏதுமின்றி ஹஜ்ஜுக்கு வந்து, மக்காவில் மக்களிடம் கையேந்தினர். இதையொட்டியே, பயணத்திற்கு வேண்டியதைச் சேகரித்துக்கொள்ளப் பணிக்கும் அல்பகரா 197ஆம் வசனம் அருளப்பட்டதென இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பது புகாரியில் உள்ளது. அன்றைய கட்டுச்சோற்றின் இடத்தில் இன்று இருப்பது பணம்.

முன்பு ஹஜ் கமிட்டி வழியே செல்வோருக்கு, விமானம் ஏறுமுன் 2,100 ரியால் கையில் கொடுக்கப்பட்டது. 2023இல் அம்முறை நீக்கப்பட்டது. எவ்வளவு, எவ்வடிவில் என்பதைப் பயணியே தீர்மானிக்க வேண்டியதாயிற்று. ஆகவே மத்தூரிலிருந்து புறப்படுவோர் சென்னை விமான நிலையம் வரை காத்திராமல், கிருஷ்ணகிரியிலோ ஒசூரிலோ உள்ள வங்கியில் முன்னரே விசாரித்துக்கொள்வது நன்று. ரூ.50,000ஐ எட்டும் தொகைக்கு ரியால் வாங்கினால், காசோலையாகவோ கணக்கு வழியாகவோதான் செலுத்த வேண்டும்.

முன்பணம் ஏற்றிய ரியால் அட்டையில், ஏற்றிய நாளின் விலையே நிலைக்கும். நம் ஊர் டெபிட் கார்டில் ஒவ்வொரு முறையும் மாற்றுக் கட்டணம் பிடிக்கப்படலாம். கிரெடிட் கார்டைக் கொண்டு இயந்திரத்தில் ரொக்கம் எடுத்தாலோ, பொதுவாக அன்றே வட்டி ஓடத் தொடங்கும். புனிதப் பயணத்தில் வட்டி நம் மீது ஏற இடமளிக்கலாமா? கடைக்காரர் ரூபாயில் கழிக்கவா, ரியாலில் கழிக்கவா எனக் கேட்டால், ரியால் என்றே சொல்லுங்கள். ரூபாய்க் கணக்கில் கூடுதல் விலை மறைந்திருக்கும்.

அட்டை மட்டும் போதுமா? போதாது. சில்லறைச் செலவுக்கும் ஸதகாவுக்கும் நோட்டுகளே உதவும். ஆயினும் இஹ்ராம் துணியில் பை கிடையாது. தவாஃபின் நெரிசலில் இடுப்புப் பை அறுபட்டால் அனைத்தும் போயிற்று. எனவே அன்றாடச் செலவுக்குரியதை மட்டும் இடுப்பில் வைத்து, எஞ்சியதை அறையில் பூட்டி வையுங்கள்.

இன்னொன்று. நம் குடும்பங்களில் பணம் முழுவதும் கணவரிடமே இருப்பது வழக்கம். கூட்டத்தில் அவர் பிரிந்துவிட்டால், நோயுற்றால், மனைவி யாரிடம் கேட்பார்? அவரிடமும் சில நூறு ரியாலும் தனி அட்டையும் இருக்கட்டும். அதன் இரகசிய எண்ணையும் பயன்படுத்தும் முறையையும் வீட்டிலேயே கற்றுக்கொடுங்கள். இது அவநம்பிக்கையன்று, அமானிதத்தைப் பேணுதல்.

எல்லாருடைய பயணத்தையும் அல்லாஹ் எளிதாக்கி வைப்பானாக. ஆமீன்.