பிணவறைப் பணியாளர் பாதுகாப்பில் நமக்கும் பங்கு உண்டு

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. உடல்களை மீட்டு அடக்கம் செய்ய வெளியூர்த் துப்புரவுப் பணியாளர்களும் வந்து உழைத்தார்கள். சடலங்களால் கொள்ளைநோய் பரவும் என்று பலரும் அஞ்சினர். அப்படி எதுவும் நேரவில்லை. இயற்கைப் பேரிடரில் இறந்தவர்களின் உடல்களால் ஊருக்குக் கொள்ளைநோய் வருவதில்லை என்றே உலக சுகாதார நிறுவனமும் கூறுகிறது.

உடலைக் கையாள்பவர்களுக்குத்தான் கவனம் தேவை. காசநோய் கண்டவரின் நுரையீரலைத் திறக்கும்போது கிருமி காற்றில் கலக்கலாம். கத்தியோ ஊசியோ கையுறையைத் துளைத்தால் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. தொற்றக்கூடும்.

பூச்சிமருந்து, பாம்புக்கடி, சாலை விபத்து என எதிர்பாராத சாவு நேர்ந்த வீட்டார், பிரேதப் பரிசோதனை முடிந்து பொழுது சாய்வதற்குள் உடலைக் கொண்டுபோகத் தவிக்கிறார்கள். அந்தத் தவிப்பை யாரும் குறை சொல்ல முடியாது. கவசம் அணியவும் மேசையைக் கழுவிக் கிருமி நீக்கவும் நேரம் வேண்டும் என்று பிணவறைப் பணியாளர் கேட்பதும் நியாயமே. ஆளும் நிதியும் போதவில்லை என்ற நிர்வாகத்தின் சங்கடத்தையும் ஒதுக்கிவிட முடியாது.

எனினும், நிதிக்காகக் காத்திராமல் செய்யக்கூடியவை பல. மருத்துவக் கழிவைக் கையாளும் அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசியும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் உடல் பரிசோதனையும் அளிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி ஆறு மாதத்தில் மூன்று தவணைகளில் முடிந்துவிடும். ஒப்பந்தப் பணியாளர் எவரும் இதில் விடுபடக் கூடாது. கையில் ஊசி குத்தினால் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்; எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். தயங்காமல் சொல்லும் துணிவைப் பணியாளருக்குத் தருவது மேலதிகாரிகளின் கடமை.

உறவினர்கள், இறந்தவருக்குக் காசநோயோ மஞ்சள் காமாலையோ இருந்திருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் தெரிவிக்கலாம். விசாரணைக் காகிதங்களைக் காவல் துறை காலையிலேயே சேர்த்துவிட்டால், பிரேதப் பரிசோதனை பதற்றமின்றி நடக்கும். குடும்பத்துக்கும் உடல் விரைவில் கிடைக்கும். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறையின் வணிகர் சங்கங்களும் சேவை அமைப்புகளும் ரப்பர் காலணி, தடித்த கையுறை, முகக்கவசம் வாங்கித் தர முன்வரலாம். இந்தப் பணியாளர்களை வீட்டு விசேஷங்களில் தள்ளி வைக்காமல் அருகே அமர்த்திக்கொள்வது ஊராரின் பங்கு.

முதல் படியாக, காவிரி டெல்டாவின் ஒவ்வொரு அரசு மருத்துவமனையும் தன் பிணவறைப் பணியாளரில் யாருக்குத் தடுப்பூசி பாக்கி என்று கணக்கெடுத்து, அதை இந்த ஆண்டிலேயே முடிக்கட்டும். அந்த மருத்துவமனைகளின் நோயாளர் நலச் சங்கக் கூட்டங்களில் அதைக் கேட்டு, துணை நிற்பது நம் வேலை.