ஜட்லாந்து: திருத்தி வரையப்பட்ட தீபகற்பம்

டென்மார்க் என்றதும் தமிழ் வாசகருக்கு முதலில் நினைவில் எழுவது தரங்கம்பாடியாகத்தான் இருக்கும். 1620 முதல் 1845 வரை அந்தக் கடற்கரையில் டேனியக் கொடி பறந்தது. பின்னர் கோட்டையும் ஊரும் ஆங்கிலேயக் கம்பெனிக்கு விலைக்குக் கைமாறின. ஆனால் அந்தக் கொடி புறப்பட்டு வந்த நாட்டின் நிலம் எத்தகையது, அதன் எல்லைகள் எவ்வாறு அமைந்தன என்று நாம் அதிகம் கேட்டுக்கொண்டதில்லை. சிறிய நாடு, செல்வ நாடு, ஆண்டர்சனின் கதைகள் பிறந்த நாடு என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறோம். அந்நாட்டு நிலப்பரப்பின் பெரும்பகுதி ஜட்லாந்து என்னும் தீபகற்பத்தில் இருக்கிறது. டேனியர் அதை யூலன் என்பார்கள். எல்லைக்கோடு எதனால் நியாயம் பெறுகிறது என்ற கேள்விக்கு அந்த நிலத்தின் வரலாறு தரும் விடை, இலக்கிய வாசகர்களாகிய நாம் ஊன்றிப் பார்க்கத் தக்கது என்று கருதுகிறோம்.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடுவோம். மேற்கே வடகடல், கிழக்கே கட்டெகாட்டும் பால்டிக்கும், வடக்கே ஸ்காகெராக். வடமுனையில் ஸ்காகன் என்னும் ஊருக்கு அப்பால் மணல் நாக்குப்போல நீண்டு முடிய, அங்கே இரு கடல்களின் அலைகள் எதிரெதிராக வந்து மோதுகின்றன. உயரம் என்று சொல்ல அதிகமில்லை. வான்மலை என்று பொருள்படும் பெயர் கொண்ட ஹிம்மெல்பியர் 147 மீட்டர் உயரமே உடையது; அதைத்தான் நாட்டின் மிக உயர்ந்த இடம் என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். இன்று அந்தப் பெருமை 171 மீட்டரைக்கூடத் தொடாத மோல்லஹோய் என்ற மேட்டுக்கு உரியது; அதுவும் ஜட்லாந்தில்தான்.

இந்தத் தட்டையான நிலத்தை உள்ளே இரண்டாகப் பிரித்தது பனி. கடைசிப் பனியுகத்தில் பனிப்பாளம் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து தீபகற்பத்தின் நடுவில் நின்றுவிட்டது. மேற்குக் கரையிலிருந்து வீபோர் நகரப் பக்கம் வந்து அங்கிருந்து தெற்கே திரும்பும் அந்த எல்லையின் கிழக்கில், பனி விட்டுச்சென்ற களிமண் செழித்த வயலாயிற்று. மேற்கில் உருகிய நீர் மணலைப் பரப்பிச் சென்றது. அந்த மணல்மீது காலப்போக்கில் ஹெதர் என்னும் ஊதாப்பூக் குறுஞ்செடி மண்டிய புதர்வெளி உண்டாயிற்று. ஒரே தீபகற்பத்தில் கிழக்கே பிறந்தவன் உழவனாகவும் மேற்கே பிறந்தவன் ஆடு மேய்த்துக் கம்பளி பின்னிப் பிழைப்பவனாகவும் ஆனதற்குக் காரணம் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனி நின்ற இடம்தான்.

கடலும் தன் பங்குக்கு எழுதியிருக்கிறது. 1825 பிப்ரவரியில் எழுந்த பெரும்புயலில் வடகடல் அக்கர் என்னும் மணல்திட்டை உடைத்து லிம்ஃபியோர் நீர்ப்பரப்புக்குள் புகுந்தது. அன்றிலிருந்து தீபகற்பத்தின் வடகோடி தனித்தீவாகிவிட்டது. ஜட்லாந்தின் நுனி என்று வரைபடத்தில் நாம் காண்பது, இலக்கணப்படி தீபகற்பமே அன்று. இயற்கை வகுத்த எல்லை என்று அரசியல்வாதிகள் எங்கு பேசினாலும் இதை நினைத்துக்கொள்வது நல்லது. இயற்கையே தன் கோடுகளை ஓயாமல் அழித்தெழுதுகிறது.

தெற்கே கடலும் இல்லை, மலையும் இல்லை. தீபகற்பம் அங்கே ஐரோப்பியப் பெருநிலத்தோடு சேருகிறது. பழைய டேனியர் அங்கே டேனவர்க் என்னும் மண்ணரணை எழுப்பினார்கள். கிளைகளையும் சேர்த்தால் சுமார் 30 கிலோமீட்டர் நீளம். அதன் அருகே ஹேடபி என்னும் வைக்கிங் வணிக நகரம் இருந்தது. இரண்டையும் 2018இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. வேடிக்கை என்னவென்றால், டேனியரின் அந்த எல்லைச்சுவர் இன்று ஜெர்மனிக்குள் இருக்கிறது.

அது எப்படி உள்ளே போயிற்று என்பதுதான் ஷ்லெஸ்விக்–ஹோல்ஸ்டைன் விவகாரம். ஷ்லெஸ்விக் டேனிய மன்னருக்குக் கட்டுப்பட்ட சிற்றரசு. அதற்குத் தெற்கே ஐடர் ஆற்றுக்கு அப்பால் இருந்த ஹோல்ஸ்டைன், ஜெர்மானியப் பேரரசைச் சேர்ந்தது. இரண்டுக்கும் கோமகன் டென்மார்க் மன்னரே. இரண்டும் என்றும் பிரியாதிருக்க வேண்டும் என்று 1460இல் ரீப நகரில் ஓர் உடன்படிக்கை வேறு எழுதப்பட்டிருந்தது. இந்தச் சிக்கலைப் புரிந்துகொண்டவர் மூவரே. ஒருவர் இறந்தார், ஒருவருக்குப் பித்துப் பிடித்தது, மூன்றாமவராகிய தாம் மறந்துவிட்டதாக பிரிட்டிஷ் பிரதமர் பாமர்ஸ்டன் சொன்னதாக ஒரு வழக்கு உண்டு. ஆனால் அங்கே வாழ்ந்த மக்களுக்கு அது நகைச்சுவையாக இருக்கவில்லை. வீட்டில் பேசும் மொழி ஒன்று, தேவாலயத்தில் கேட்கும் மொழி வேறு, வழக்குமன்றத்தில் எழுதும் மொழி வேறு என்று அவர்கள் தலைமுறைகளாகப் பழகியிருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தேசியவாதம் வந்து, நீ யார், ஒன்றைச் சொல் என்று அதட்டியபோதுதான் துன்பம் தொடங்கியது.

இதில் எந்தத் தரப்பும் தூயதன்று. 1848இல் மூண்டு 1851வரை நீண்ட முதல் போரில் வென்ற டென்மார்க், நடு ஷ்லெஸ்விக்கின் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் டேனிய மொழியைப் புகுத்தியது. மேற்குக் கரையில் ஹூசும் நகரத்து வழக்கறிஞர் தியோடோர் ஷ்டோர்ம் தம் தொழில் உரிமையை இழந்து ஊரைவிட்டுப் போக நேர்ந்தது. கடலோர அணைகளையும் சதுப்பு நிலத்தையும் களமாகக் கொண்டு 'வெண்குதிரை வீரன்' என்ற குறுநாவலை 1888இல் எழுதிய அதே ஷ்டோர்ம்தான். 1864இல் டேனிய ஆட்சி வீழ்ந்த பிறகே அவர் ஊர் திரும்பினார். அடுத்து ஆண்ட பிரஷ்யர்களும் அதே தவற்றைச் செய்தார்கள். 1888இல் சமயபாடம் நீங்கலாகப் பள்ளிக்கல்வி முழுவதும் ஜெர்மன் மொழியிலேயே நடக்க வேண்டும் என்று ஆணையிட்டார்கள். ஒடுக்கப்பட்டவர் ஒடுக்குபவராவதற்கு ஒரு போர் போதுமானதாக இருந்தது.

1864ஆம் ஆண்டை டேனியர் இன்றும் மறக்கவில்லை. பிப்ரவரி முதல் நாள் பிரஷ்ய, ஆஸ்திரியப் படைகள் ஐடரைக் கடந்தன. தகர்க்க முடியாதது என்று நம்பப்பட்ட டேனவர்க் அரணை டேனியப் படை சில நாட்களிலேயே இரவோடிரவாகக் கைவிட்டது. ஏப்ரல் 18 அன்று டுபல் அரண்கள் வீழ்ந்தன. அக்டோபரில் வியன்னாவில் கையெழுத்தான உடன்படிக்கையால் டேனிய மன்னர் தம் குடிகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினரை இழந்தார்.

இழந்ததற்கு ஈடாக இருக்கும் நிலத்தைப் பண்படுத்துவோம் என்ற எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது. நேப்பிள்ஸில் பிறந்து, ஜட்லாந்தில் சாலைகள் அமைத்த பொறியாளர் என்ரிகோ டால்காஸ் முதலியோர் 1866இல் புதர்வெளிக் கழகத்தைத் தொடங்கினார்கள். மரவரிசைகள் நட்டுக் காற்றைத் தடுத்தார்கள், மண்ணுக்குச் சுண்ணம் சேர்த்தார்கள், வாய்க்கால் வெட்டினார்கள். சில தலைமுறைகளில் புதர்வெளியின் பெரும்பகுதி வயலாகவும் காடாகவும் மாறிவிட்டது. தோல்வியை உழைப்பாக மாற்றிய கதை என்று இதைப் பள்ளிப்புத்தகங்கள் போற்றுவதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் புதர்வெளி வெறுமையாக இருக்கவில்லை. பாதிரியாராக இருந்து, துப்பாக்கியும் கையுமாக அங்கே அலைந்து திரிந்த ஸ்டேன் ஸ்டேன்சன் பிளிக்கர் அந்த மக்களின் கதைகளை எழுதினார். 1842இல் அவர்களுடைய வட்டார வழக்கிலேயே ஒரு நூலையும் வெளியிட்டார். ஹெதர் பூத்த அந்த வெளி இன்று பெரும்பாலும் அவர் எழுத்தில்தான் மிஞ்சியிருக்கிறது.

ஷ்லெஸ்விக்கின் வடபகுதியில் மக்களைக் கேட்டு முடிவு செய்வோம் என்று 1866 பிராக் உடன்படிக்கையில் ஒரு வாக்குறுதி இருந்தது. 1878இல் வியன்னாவும் பெர்லினும் தமக்குள் பேசி அதை நீக்கிவிட்டன. முதல் உலகப்போரில் வடக்கு ஷ்லெஸ்விக்கிலிருந்து சுமார் 30,000 பேர் ஜெர்மன் சீருடையில் போர்முனைக்குச் சென்றார்கள். அவர்களில் 5,000க்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. தமதல்லாத நாட்டுக்காக மடிந்த டேனியர் பலர் அவர்களுள் இருந்தனர்.

அந்தக் கேள்வி 1920இல்தான் மக்கள் முன் வைக்கப்பட்டது. பிப்ரவரி 10 அன்று வாக்களித்த வடமண்டலத்தில் நான்கில் மூன்று பங்கினர் டென்மார்க் என்றார்கள். மார்ச் 14 அன்று வாக்களித்த நடுமண்டலத்தில் ஐந்தில் நான்கு பங்கினர் ஜெர்மனி என்றார்கள். ஃபிளென்ஸ்போர்க் நகரம் கைநழுவியதைப் பொறுக்காத டேனியர் பலர். மன்னர் பத்தாம் கிறிஸ்டியான் அமைச்சரவையையே நீக்கினார், நாடு கொந்தளித்தது, சில நாட்களில் மன்னர் பணிய வேண்டியதாயிற்று. வாக்கெடுப்பின் முடிவு மாறவில்லை. எல்லைக்கு வடக்கே டோண்டர் நகரத்தில் பெரும்பான்மையோர் ஜெர்மனிக்கே வாக்களித்திருந்தார்கள். வடமண்டலம் முழுவதும் ஒரே தொகுதியாக எண்ணப்பட்டதால் அவர்கள் டென்மார்க்குக்குப் போனார்கள். எந்தக் கோடு கிழித்தாலும் அதன் தவறான பக்கத்தில் சிலர் நிற்கத்தான் செய்வார்கள்.

அந்தச் சிலரை என்ன செய்வது என்பதே உண்மையான கேள்வி என்பது நமது துணிபு. அதற்கு விடை கிடைக்க இன்னொரு உலகப்போர் தேவைப்பட்டது. 1945க்குப் பின் தோற்ற ஜெர்மனியில், எல்லைக்குத் தெற்கே பல்லாயிரம் பேர் தாம் டேனியர் என்று சொல்லத் தொடங்கினார்கள். பன்றி இறைச்சிப் பொட்டலத்துக்காக டேனியரானவர்கள் என்று அக்கம்பக்கத்தார் ஏளனம் செய்தார்கள். 1946இல், எல்லையை மாற்ற விரும்புகிறீர்களா என்று பிரிட்டன் டென்மார்க்கைக் கேட்டது. பழைய இழப்பை ஈடுகட்ட அதைவிட நல்ல வாய்ப்பு வந்திருக்க முடியாது. டென்மார்க் மாற்றம் கோரவில்லை. தெற்கைத் தாய்நாட்டோடு சேர்க்க உள்ளூர விரும்பிய பிரதமர் க்னுட் கிறிஸ்டென்சனின் அரசு அடுத்த ஆண்டே கவிழ்ந்தது. நிலம் வேண்டாம் என்று ஓர் அரசு சொல்வது வரலாற்றில் அரிது. நம் பாடநூல்களில் இடம்பெறாத வீரம் இதுவே.

1955 மார்ச் 29 அன்று போன், கோபன்ஹேகன் அரசுகள் தனித்தனியே இரண்டு அறிவிப்புகளை வெளியிட்டன. ஒருவர் எந்த இனத்தைச் சேர்ந்தவர் என்பதை அவரே சொல்லலாம். அதிகாரிகள் அதைச் சரிபார்க்கவோ மறுக்கவோ கூடாது என்பது அவற்றின் சாரம். தாய்மொழிச் சான்றிதழ் வேண்டாம், பாட்டனின் பெயர் வேண்டாம், ஏளனம் செய்தோரின் சந்தேகத்துக்கும் அங்கே இடமில்லை. இன்று எல்லைக்குத் தெற்கே சுமார் 50,000 டேனியரும் வடக்கே சுமார் 15,000 ஜெர்மானியரும் தத்தம் பள்ளிகளோடு வாழ்கிறார்கள். தென் ஷ்லெஸ்விக் வாக்காளர் சங்கம் மாநிலத் தேர்தலில் ஐந்து சதவீதக் குறைந்தபட்ச விதியிலிருந்து விலக்குப் பெற்றது. 2021இல் ஜெர்மன் நாடாளுமன்றத்திலும் ஓர் இடம் பெற்றது.

மக்கள்மீது கிழித்த கோட்டைப் போலவே நிலத்தின்மீது கிழித்த கோடு ஒன்றையும் ஜட்லாந்து திருத்தியிருக்கிறது. மேற்கே ஓடும் ஷ்கியர்ன், நீர்வரத்தில் டென்மார்க்கின் மிகப்பெரிய ஆறு. புதர்வெளியை வயலாக்கிய அதே ஆர்வத்தின் நீட்சியாக 1960களில் அதன் நெளிவுகளை வெட்டி நேராக்கினார்கள். சதுப்பை வடித்து உழுதார்கள். வடித்த நிலம் தாழ்ந்தது. மண்ணிலிருந்த இரும்புத்தாது கரைந்து நீரைக் கெடுத்தது. மீனும் பறவையும் குறைந்தன. 1987இல் நாடாளுமன்றம் ஆற்றை மீட்க முடிவெடுத்தது. 1999 முதல் 2002 வரை, நேராக்கிய ஆற்றை மீண்டும் வளைத்தார்கள். மக்களைக் கேளாமல் கிழித்த எல்லையும் ஆற்றைக் கேளாமல் கிழித்த வாய்க்காலும் ஒரே அகந்தையின் இரு வடிவங்கள். அகந்தையை ஒப்புக்கொள்ள முதல் கோட்டுக்கு ஐம்பத்தாறு ஆண்டுகள் ஆயின. இரண்டாவதற்கு இருபது ஆண்டுகள் போதுமாயிருந்தன.

சிறிய நாடு, வசதியான நாடு, அவர்களுக்கு இது எளிது என்று சிலர் சொல்லக்கூடும். எளிதாக இருக்கவில்லை என்பதற்கு டுபலின் கல்லறைகளே சான்று. தவிரவும், ஜட்லாந்தைச் சொர்க்கமாக்கிக் காட்டுவதும் நம் நோக்கமன்று. 2016 முதல் டென்மார்க் அந்த எல்லையில் மீண்டும் சோதனை நடத்தத் தொடங்கியது. 2019இல் காட்டுப்பன்றிகளைத் தடுக்க என்று சொல்லி எல்லை நெடுகச் சுமார் 70 கிலோமீட்டர் வேலியையும் எழுப்பி முடித்தது. இருபுறச் சிறுபான்மையினருக்கும் அது உறுத்தலாகவே இருக்கிறது. கோடுகளின்மீதுள்ள ஆசை மனிதனைவிட்டு எளிதில் போவதில்லை.

ஆயினும், தவறான பக்கத்தில் நிற்பவனிடம் நீ யார் என்று கேட்டுவிட்டு, அவன் சொன்னதை நம்புவது என்ற ஏற்பாடு அங்கே எழுபது ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. அதை ஓர் இலக்கிய ஏற்பாடு என்றே நாம் கொள்கிறோம். ஒரு பாத்திரத்தைத் தன் வாயாலேயே பேசவிடும் எழுத்தாளனின் நேர்மைக்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை.